தாளில் வந்த அம்மா

(திருவண்ணாமலையில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பின்னால் நின்றுகொண்டிருக்கும் கல்லூரிப் பிள்ளைகளே, முன்வரிசையில் இடம் இருக்கிறது, வந்து உட்காருங்கள். என் கையில் உள்ள இந்த உறைக்குள் இரண்டு போட்டோக்கள் இருக்கின்றன. இரண்டும் ஒரே காட்சி. ஒரே பிரிண்டரில், ஒரே மையில், நானே வீட்டில் அச்சிட்டவை. பேசி முடித்ததும் உங்களிடம் தருகிறேன்.

படத்தில் இருப்பவர் என் அம்மா. அவர் காலமாகி ஓராண்டுத் திதி நெருங்கியபோது, படையலுக்கு முன்னால் வைக்க நல்ல படமாக ஒன்று வேண்டும் என்று அக்கா சொன்னார். என் மகள் செல்போனில் எடுத்த படம் ஒன்று இருந்தது. மாலை நேரம், வீட்டுத் திண்ணையில் அம்மா உட்கார்ந்திருக்கிறார். அரக்கு நிறச் சுங்குடிப் புடவை, ஒற்றைக்கல் மூக்குத்தி. அப்பா போன பிறகு நெற்றியில் விபூதி மட்டும்தான் இட்டுக்கொள்வார். அம்மா நல்ல கறுப்பு. திண்ணைக் கருங்கல் தூணில் அவர் கை வைத்தால் கல்லுக்கும் கைக்கும் நிறத்தில் அதிக வித்தியாசம் இருக்காது.

நாற்பது ஆண்டுகள் ஸ்டூடியோ நடத்தியவன் நான். தொழிலை அப்பாவிடம் இருட்டறையில் கற்றேன். கடையை மூடிய பிறகு வீட்டில் ஓர் இங்க் டேங்க் பிரிண்டர் வாங்கி வைத்திருந்தேன். மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை, திதிக்கு முதல் நாள் இரவு, அவசரமாக ஏ4 தாளில் பிரிண்ட் போட்டு ஃபிரேமில் வைத்துவிட்டேன். காலையில் அக்கா வந்தார். படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "தம்பி, இது அம்மா மாதிரியே இல்லையேப்பா. அம்மாவுக்கு யாரு பவுடர் பூசினது?" என்றார்.

அப்போதுதான் நானும் பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். முகம் சாம்பல் பூத்து வெளுத்திருந்தது. விபூதி எது, நெற்றி எது என்று பிரியவில்லை. மூக்குத்தி வெறும் வெள்ளைப் புள்ளி. புடவையின் அரக்கு போய்ச் செங்கல் நிறம் வந்திருந்தது. மேலுதட்டு ஓரத்தில் அம்மாவுக்கு ஒரு மச்சம் உண்டு, அதைக் காணோம். வேறு பிரிண்ட் போட நேரமில்லை. அந்தப் படத்தை வைத்துத்தான் அன்று கும்பிட்டோம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தப் படத்தில் என்னென்ன தவறின, அவற்றை எப்படிச் சரிசெய்தேன் என்பதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன். வீட்டில் பிரிண்டர் வைத்திருக்கும் எல்லோருக்கும் இது பயன்படும்.

இந்த ஊரில் போட்டோவைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு படத்தைத் தாண்டிப் போக முடியாது. பெங்களூரைச் சேர்ந்த ஜி.ஜி.வெல்லிங் 1946இல் எடுத்த ரமண மகரிஷியின் மார்பளவுப் படம் அது. டீக்கடைச் சுவரிலும் ஆட்டோவின் கண்ணாடிக்கு மேலும் அதைப் பார்க்கிறோம். செங்கம் சாலைக் கடைகளில் எத்தனையோ அளவுகளில் தொங்குகிறது. ஒருநாள் பொறுமையாக நான்கைந்து கடைகளில் அந்தப் படத்தை வரிசையாகப் பாருங்கள். நல்ல பிரதியில் நரைத்த தாடியின் ஒவ்வொரு முடியும் தனித்தனியாக நிற்கும். தோலின் கருமைக்குள்ளேயே கன்னத்துக்கு ஒரு கருமை, கழுத்துக்கு ஒரு கருமை என்று படிப்படியாக இறங்கும். கண்ணுக்குள் வெளிச்சம் இருக்கும். பிரதியிலிருந்து பிரதி எடுத்து, அதிலிருந்து இன்னொரு பிரதி எடுத்த படத்தில் தாடி ஒரு வெள்ளைத் திட்டு, கண் இரண்டு கறுப்புக் குழி. ஆள் ஒருவரே, படமும் ஒன்றே. பிரிண்ட் போட்டவர் கையில்தான் இவ்வளவு வித்தியாசமும் வருகிறது.

பிரிண்ட் போடுவது தனித் தொழில் என்பதற்கு இந்த ஊரோடு தொடர்புடைய சாட்சியே இருக்கிறது. 1950 ஏப்ரலில், மகரிஷியின் கடைசி நாட்களில், பிரெஞ்சு ஒளிப்படக்காரர் கார்த்தியே பிரெஸோன் இங்கே இருந்தார். உலகமே கொண்டாடிய கலைஞர். ஆனால் தம் படங்களை அவர் தாமே பிரிண்ட் போடவில்லை. பாரிஸில் பியேர் காஸ்மன் நடத்திய லேபை நம்பிக் கொடுத்தார். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் 'லைஃப்' இதழில் மகரிஷியைப் பற்றிய கட்டுரைக்குப் படம் எடுத்த எலியட் எலிசோஃபன், பின்னால் 1952இல் வந்த 'மூலான் ரூழ்' திரைப்படத்துக்கு வண்ண ஆலோசகராகவே வேலை பார்த்தார். சென்னையிலிருந்து வந்து வந்து மகரிஷியைப் பல ஆண்டுகள் படம் எடுத்த டாக்டர் டி.என்.கிருஷ்ணசாமி, தொழிலால் மருத்துவர். ஷட்டரை அமுக்குவதோடு வேலை முடியவில்லை என்று அந்தத் தலைமுறைக்குத் தெரிந்திருந்தது.

அப்பாவின் இருட்டறை எங்கள் கடைக்குப் பின்னால், எட்டடிக்கு ஆறடி. சிவப்பு பல்பு. மூன்று தட்டுகள்: டெவலப்பர், தண்ணீர், ஹைப்போ. ஊட்டியில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' தாளைத்தான் அதிகம் வாங்குவார். முழுத் தாளை எடுத்த எடுப்பில் வெளிச்சத்துக்குக் காட்டவே மாட்டார். இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு நறுக்கி, என்லார்ஜரின் அடியில் முகம் விழும் இடத்தில் வைத்து, அட்டையால் மறைத்து மறைத்து 4 விநாடி, 8 விநாடி, 12 விநாடி என்று ஒளி காட்டுவார். அந்தத் துண்டைக் கழுவி, கதவைத் திறந்து, வாசல் வெளிச்சத்தில் பார்த்து, "இது எட்டு, இது பன்னிரண்டு, இவருக்குப் பத்துப் போதும்" என்று முடிவு செய்வார். அதற்குப் பிறகுதான் முழுத் தாள். டெஸ்ட் ஸ்ட்ரிப் என்று அதற்குப் பெயர்.

அந்தப் பழக்கத்தை நான் வீட்டுப் பிரிண்டருக்குக் கொண்டுவந்தேன். நீங்களும் செய்யலாம். படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி எடுங்கள். அதையே நான்கு பிரதியாக ஒரு மேக்ஸி தாளில், அதாவது 4-க்கு 6 அங்குலத் தாளில், அடுக்குங்கள். ஒன்று உள்ளபடி. அடுத்தது வெளிச்சம் கொஞ்சம் கூட்டி. மூன்றாவது இன்னும் கொஞ்சம் கூட்டி. நான்காவதில் நிழல் பகுதியை மட்டும் தூக்கி. நான்கையும் அச்சிட்டு, காயவிட்டு, காலையில் வாசலில் வைத்துப் பாருங்கள். ஒரு மேக்ஸி தாளோடு போயிற்று. பத்து ஏ4 தாளும் அரை பாட்டில் மையும் மிச்சம்.

ஏன் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்க்கச் சொல்கிறேன்? "திரையில் நல்லா இருக்கு, பிரிண்ட் கறுத்துப்போகுது" என்று என்னிடம் வருகிறவர்கள்தான் அதிகம். திரை தானே ஒளி விடுகிற பொருள். அதன் பின்னால் விளக்கு எரிகிறது. தாள் அப்படியில்லை. அறையில் இருக்கும் வெளிச்சத்தை வாங்கித்தான் திருப்பித் தரும். செல்போன் திரையில் மிக வெளுத்த இடத்துக்கும் மிகக் கறுத்த இடத்துக்கும் உள்ள வித்தியாசம் ஆயிரம் மடங்குக்கு மேல். நல்ல கிளாஸி தாளில் அது இருநூறு மடங்கை எட்டினாலே பெரிது. ஆயிரம் படி ஏணியை இருநூறு படிக்குள் அடக்க வேண்டும். அடக்கும்போது முதலில் மூழ்குவது நிழல்தான். கறுப்புத் தலைமுடி, கறுத்த தோல், அரக்குப் புடவையின் மடிப்பு, எல்லாம் ஒரே மைத்திட்டாகிவிடும். நாமோ திரையின் வெளிச்சத்தை முழுக்க ஏற்றிவைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் படத்தைத் திருத்துகிறோம். தாளில் இருட்டாக வராமல் என்ன செய்யும்?

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். நீங்கள் அச்சிடப் போகும் தாளில் ஒன்றை எடுத்துக் கணினித் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரையிலும் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். இரண்டு வெள்ளையும் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும்வரை திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். முதல் நாள் மங்கலாக இருப்பதுபோல் தோன்றும். இரண்டு நாளில் கண் பழகிவிடும். இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். செல்போனில் திருத்துகிறவர்கள் திரை அமைப்பில் 'விவிட்' என்று இருந்தால் 'நேச்சுரல்' என்று மாற்றுங்கள். பாதிப் புகார் இதிலேயே தீர்ந்துவிடும்.

திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகள் கூடி நிறமாகின்றன. மூன்றும் முழுதாகச் சேர்ந்தால் வெள்ளை. தாளில் சயான், மெஜந்தா, மஞ்சள் என்ற மைகள் வெள்ளை ஒளியிலிருந்து ஆளுக்கொரு பங்கை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகின்றன. எல்லாம் சேர்ந்தால் கறுப்பு. குங்குமச் சிவப்பு வேண்டுமானால் மெஜந்தாவும் மஞ்சளும் சேர வேண்டும். வாழையிலைக்குச் சயானும் மஞ்சளும். திரை காட்டும் சில நிறங்களுக்கு இந்த மைகளின் கலவையில் இடமே கிடையாது. மயில் கழுத்து நீலம் ஊதாப் பக்கம் சாயும். சுடர்விடும் செந்நிறம் மங்கும். செவ்வரளி மாலை போட்ட சாமி படத்தை அச்சிட்டால் பூ எல்லாம் சேர்ந்து ஒரே சிவப்புக் கட்டியாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நிறத்தைக் கூட்டக் கூடாது. செறிவைக் கொஞ்சம் குறைத்தால் இதழும் இதழின் நிழலும் மறுபடி பிரிந்து வரும். பார்க்கிறவர் கண்ணுக்குப் பூவும் முன்னைவிடச் சிவப்பாகத்தான் தெரியும்.

தீபத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரில் இதைப் பேச முடியாது. ஒவ்வொரு கார்த்திகைக்கும் நாம் எல்லோரும் மாடியில் ஏறிப் படம் எடுக்கிறோம். பிரிண்ட் போட்டால் கறுப்புத் தாளில் ஒரு வெள்ளை ஓட்டை. மலை எங்கே என்று தெரியாது. தாளில் தீபம் எரியாது. தாளின் சொந்த வெள்ளைக்கு மேல் வெளிச்சமான நிறம் எதுவும் அதில் கிடையாது. சுற்றியுள்ள இருட்டு எவ்வளவு ஆழமாக, எவ்வளவு நயமாக அமைகிறதோ அந்த அளவுக்குத்தான் சுடர் ஒளிரும். ஆகவே நேரம் பார்த்து எடுங்கள். மாலை 6 மணிக்கு மலைமேல் தீபம் ஏற்றும்போது வானத்தில் இன்னும் நீலம் மிச்சம் இருக்கும். 2,668 அடி மலையின் கோடு அந்த நீலத்தில் தெளிவாகத் தெரியும். கேமராவில் சுடரைத் தொட்டு, வெளிச்சக் கோட்டைக் கீழே இழுத்து, சுடரின் ஓரத்தில் மஞ்சள் தெரிகிற அளவுக்குக் குறைத்து எடுங்கள். அரை மணி கழித்து எடுத்த படத்தை எந்தப் பிரிண்டராலும் மீட்க முடியாது.

இனி எனக்கு மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தோலின் நிறம்.

அம்மாவின் முகம் ஏன் வெளுத்தது? பிரிண்டரின் அமைப்பில் 'ஆட்டோ கரெக்ஷன்' என்ற கட்டத்தில் டிக் இருந்தது. நான் வைத்ததில்லை, பிரிண்டர் வரும்போதே இருந்தது. அது படத்தில் முகத்தைத் தேடிக் கண்டுபிடித்து, முகம் இருண்டிருக்கிறது, இது தவறு, திருத்த வேண்டும் என்று முடிவு செய்து வெளிச்சத்தை ஏற்றிவிட்டது. அம்மாவின் நிறம் அந்த மென்பொருளுக்குப் பிழையாகத் தெரிந்திருக்கிறது.

இது இன்று வந்த கோளாறு இல்லை. வண்ணப் பிரிண்ட் பரவிய 1950களில், கோடாக் நிறுவனம் லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பியது. அதில் வெள்ளைக்காரப் பெண் ஒருவர். அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று பொருள். முதல் மாதிரியில் இருந்த பெண்ணின் பெயரால் அதை ஷெர்லி அட்டை என்றே அழைத்தார்கள். சாக்லேட், மரச்சாமான் விளம்பரம் எடுத்தவர்கள் பழுப்பின் நுணுக்கங்கள் வருவதில்லை என்று முறையிட்ட பிறகே அந்த நிறங்கள்மீது கவனம் திரும்பியதாக அங்கே வேலை பார்த்தவர்களே பின்னால் சொல்லியிருக்கிறார்கள். கறுத்த மனிதர்கள் அதுவரை படத்தில் பல்லும் கண்ணுமாகத் தெரிந்தது யாருக்கும் குறையாகப் படவில்லை. நம் ஊர் ஸ்டூடியோக்களிலும் கல்யாணப் பெண்ணை வெளுக்கவைப்பது வேலையின் ஒரு பகுதியாகவே இருந்தது. நானும் செய்திருக்கிறேன். இன்று அதையே செல்போன் தானாகச் செய்கிறது. 'பியூட்டி' என்ற பெயரில் முகத்தின் கோடுகளை வழித்தெடுத்து, நிறத்தை இரண்டு படி ஏற்றிவிடுகிறது. பெற்றவளின் முகத்தை அவள் பிள்ளைகளே அடையாளம் காண முடியாதபடி திருத்துவதற்குப் பெயர் அழகு என்றால் அதை நான் ஏற்கமாட்டேன்.

எனவே முதல் வேலையாக, செல்போனில் பியூட்டி அமைப்பை அணையுங்கள். பிரிண்டரின் அமைப்பில் ஆட்டோ கரெக்ஷன், போட்டோ என்ஹான்ஸ் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அணையுங்கள். கறுத்த முகத்துக்கு முழுப் படத்தின் வெளிச்சத்தையும் ஏற்றாதீர்கள். நிழலை மட்டும் சிறிது தூக்குங்கள். கன்ன மேட்டில் விழும் மெல்லிய பளபளப்பு அப்படியே இருக்க வேண்டும். கறுத்த தோலின் அழகு அந்தப் பளபளப்பில்தான் இருக்கிறது.

படம் முழுக்கச் சிவப்பு ஏறியிருக்கிறதா, நீலம் ஏறியிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வெளிநாட்டுப் புத்தகங்களில் சாம்பல் நிற அட்டை ஒன்றை வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். இந்த ஊரில் நம் நெற்றியிலேயே அது இருக்கிறது. விபூதியைப் பாருங்கள். அது ரோஜா நிறமாகத் தெரிந்தால் மெஜந்தா கூடியிருக்கிறது. நீலமாகத் தெரிந்தால் படத்தின் வெப்பத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். வெள்ளை வேட்டியை நம்பாதீர்கள். அதில் நீலம் போட்டிருப்பார்கள். கோயில் கருங்கல் பரவாயில்லை, ஆனால் மாலை வெயிலில் கல்லும் பொன்னாகிவிடும், அந்தப் பொன்னை எடுத்துவிட்டால் மாலையே போய்விடும்.

கணினியில் அச்சிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நிறத்தை மாற்றிக் கணக்கிடும் பொறுப்பு படத்தைத் திருத்தும் மென்பொருளுக்கும் உண்டு, பிரிண்டருக்கும் உண்டு. இரண்டில் ஒன்றுதான் அதைச் செய்ய வேண்டும். இரண்டும் செய்தால் மருந்தை இரண்டு தடவை குடித்த மாதிரி. முகம் சிவந்து கன்றிப்போகும்.

அடுத்து கூர்மை. மச்சம் எங்கே போனது என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. மகளின் செல்போன் எடுத்த மூலப் படம் 4000-க்கு 3000 புள்ளிகள். வாட்ஸ்அப் அதைச் சுருக்கி நீள வாக்கில் ஏறக்குறைய 1600 புள்ளிகளாக்கி எனக்கு அனுப்பியது. படத்தைக் கையில் பிடித்துப் பார்க்கும் தூரத்தில், நம் கண்ணுக்குக் குறையில்லாமல் தெரிய அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். மேக்ஸியின் நீளம் 6 அங்குலம். 1600-ஐ ஆறால் வகுத்தால் 266. அது போதும், யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஏ4 தாளின் நீளம் 11.7 அங்குலம். வகுத்துப் பாருங்கள், 137தான் வருகிறது. அம்மா முழு உருவமாக உட்கார்ந்திருக்கும் படத்தில் முகமே சிறியது. அதில் மச்சத்துக்கு ஒன்றிரண்டு புள்ளி கிடைத்திருக்கும். சுருக்கும்போது அதுவும் தோலோடு கரைந்துவிட்டது. மூலப் படத்தை அப்படியே வாங்கியிருந்தால் ஏ4 தாளில் அங்குலத்துக்கு 340 புள்ளிகள் கிடைத்திருக்கும். வாட்ஸ்அப்பிலேயே 'டாகுமென்ட்' என்று தேர்ந்து அனுப்பினால் சுருங்காமல் வரும். இந்தச் சின்ன விஷயத்தை இரவோடு இரவாக மகளிடம் கேட்காமல் விட்டேன்.

பிரிண்டர் பெட்டியில் 5760 என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறவேண்டாம். அது மைத்துளிகளின் கணக்கு. படத்தின் ஒரு புள்ளிக்குரிய நிறத்தைக் காட்டவே பிரிண்டர் பல துளிகளைத் தெளிக்க வேண்டியிருக்கிறது. படத்தில் இல்லாத நுணுக்கத்தை அந்த எண் கொண்டுவராது.

கூர்மையைக் கூட்டும் கருவிக்கு 'அன்ஷார்ப் மாஸ்க்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இருட்டறைக்காரர்கள் வைத்த பெயர் அது. நெகடிவோடு அதன் மங்கலான நகல் ஒன்றைச் சேர்த்து ஒளி காட்டினால் விளிம்புகள் எடுப்பாக வரும். கணினி அதே வேலையைக் கணக்காகச் செய்கிறது. மை தாளில் சிறிது பரவும் என்பதால், திரையில் சரியாக இருப்பதைவிட ஒரு துளி கூடுதலாக வைப்பது தாளுக்குச் சரி. அளவை மாற்றிய பிறகு, கடைசியாகச் செய்யுங்கள். நம் கோயிலின் கிழக்கு ராஜகோபுரத்தைப் படம் எடுத்து அச்சிட்டுப் பாருங்கள். 217 அடி, பதினொரு நிலை, ஒவ்வொரு நிலையிலும் சுதைச் சிற்பங்கள். கூர்மை அளவோடு இருந்தால் சிற்பத்தின் கையும் காலும் எண்ணலாம். மிஞ்சினால் கோபுரத்தின் விளிம்பைச் சுற்றி வானத்தில் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். அந்தக் கோடு தெரிந்தால் குறைத்துவிடுங்கள். முகத்துக்கு இதில் பாதி போதும். கண்ணும் மூக்குத்தியும் கூர்மையாக இருந்தால் மீதியைப் பார்க்கிறவர் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

தாளும் மையும் பற்றிச் சொல்கிறேன். அன்று இரவு நான் கிளாஸி தாளைத்தான் வைத்தேன். ஆனால் அமைப்பில் 'பிளெயின் பேப்பர்' என்றே இருந்தது. இந்தத் தவறைத்தான் எல்லா வீட்டிலும் பார்க்கிறேன். பல வீட்டுப் பிரிண்டர்களில் கறுப்பு மை வேறு வகை, வண்ண மை வேறு வகை. வண்ணம் கரைசல் மை, தாளின் பூச்சுக்குள் இறங்கிவிடும். கறுப்பு நுண்துகள் மை, எழுத்துக்காக வைத்தது, தாளின் மேலேயே நிற்கும். கிளாஸி என்று சொன்னால் பிரிண்டர் அந்தக் கறுப்பைத் தொடாமல் வண்ண மைகளைக் கலந்தே கருமையை உண்டாக்கும். பிளெயின் என்று சொன்னால் எழுத்துக் கறுப்பை எடுத்து வழவழத் தாளின் மேல் பூசிவிடும். அது ஒட்டாது, விரல் பட்டால் இழுபடும், அந்த முதல் படத்தில் அம்மாவின் தலைமுடி வந்ததைப் போல மங்கிச் சாம்பலாக நிற்கும். தாளின் வகையைச் சரியாகச் சொல்லுங்கள், தரத்தை 'ஹை' என்று வையுங்கள். தாளின் பூச்சுள்ள பக்கம் எது என்று சந்தேகம் வந்தால், ஓரத்தை ஈர விரலால் தொட்டுப் பாருங்கள். பூச்சுள்ள பக்கம் லேசாக ஒட்டும்.

கடையில் விலை மலிவாக நிரப்பித் தரும் மை எழுத்துக்குச் சரியாக இருக்கலாம். படத்துக்கு வேண்டாம். எந்த நிறத்துக்கு எத்தனை துளி என்ற கணக்கைப் பிரிண்டர் தன் சொந்த மைக்காக வைத்திருக்கிறது. மை மாறினால் அந்தக் கணக்கு பொருந்தாது.

நம் ஊர் வெயிலையும் நினைவில் வைக்க வேண்டும். அக்னி நட்சத்திர நாட்களில் மாடி அறையில் வைத்த பிரிண்டரின் ஹெட்டில் மை உலர்ந்து அடைத்துக்கொள்ளும். படத்தில் கோடு கோடாக விழும், அல்லது ஒரு நிறமே காணாமல் போகும். வாரம் ஒரு முறை எல்லா நிறமும் உள்ள ஒரு சின்னப் படத்தையாவது அச்சிடுங்கள். பிரிண்டரை அதன் பட்டனாலேயே அணையுங்கள். வேலை நடக்கும்போது சுவர் சுவிட்சை அணைத்தால் ஹெட் தன் மூடிக்குப் போய்ச் சேராமல் திறந்தபடியே நின்று காய்ந்துவிடும். நல்ல தாளை வைப்பதற்கு முன் சாதாரணத் தாளில் நாசில் செக் எடுத்துப் பாருங்கள். கோடு உடைந்திருந்தால் ஹெட் கிளீனிங் இரண்டு முறை போதும். சரியாகவில்லையா, ஓரிரவு விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள். விடாமல் பத்து முறை சுத்தம் செய்தால் மைதான் தீரும்.

அச்சான படத்தை உடனே கண்ணாடிக்குள் அடைக்காதீர்கள். மேலே ஒரு வெள்ளைத் தாளை வைத்து ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். ஃபிரேம் போடுகிறவரிடம், கண்ணாடி படத்தைத் தொடாமல் நடுவில் ஓர் அட்டைக் கரை வைத்துத் தரச் சொல்லுங்கள். நம் வீடுகளில் தாத்தா பாட்டி படங்கள் கண்ணாடியோடு ஒட்டி, அங்கங்கே திட்டுத் திட்டாக ஈரம் பூத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இடைவெளி இல்லாததால் வந்த வினை அது. அப்படி ஒட்டிப்போன படம் உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து பிய்க்காதீர்கள். முகம் கண்ணாடியோடு வந்துவிடும். ஜன்னல் பக்கம் சாய்த்து வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், உங்கள் பின்னால் ஒரு கறுப்புப் போர்வையைப் பிடிக்கச் சொல்லி, கண்ணாடிக்கு மேலாகவே செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போர்வை இருந்தால் பிரதிபலிப்பு விழாது. அதிலிருந்து புதுப் பிரதி போடலாம். அதே மாதிரி, நேர் வெயில் விழும் சுவரில் இங்க்ஜெட் படத்தை மாட்டவேண்டாம். ஏதாவது ஒரு நிறம் முந்திக்கொண்டு மங்கும், பிறகு முகமே மாறிவிடும்.

பெரிய அளவுக்கு, கல்யாண ஆல்பத்துக்கு எல்லாம் லேபுக்கே போங்கள். அவர்களிடமும் "ஆட்டோ கரெக்ஷன் இல்லாமல் போடுங்கள், தோல் நிறத்தைத் தொடாதீர்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னால் செய்வார்கள். யாரும் சொல்வதில்லை என்பதால்தான் இயந்திரத்தை அதன் போக்கில் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது படத்தை நான் திதி முடிந்து பதினோராவது நாள் போட்டேன். மகளிடமிருந்து மூலப் படத்தை வாங்கினேன். முகத்தை நான்காக அடுக்கி டெஸ்ட் ஸ்ட்ரிப் எடுத்து, அக்காவை வரச்சொல்லி, திண்ணையில் உட்காரவைத்து, எது என்று கேட்டேன். அவர் மூன்றாவதைத் தொட்டார். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது. அக்கா சொன்னபடியே அச்சிட்டேன்.

இப்போது உறையைத் திறக்கிறேன். ஓரத்தை மட்டும் பிடித்து, பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுங்கள். இந்த ட்யூப்லைட் வெளிச்சம் நீலம் கலந்தது, இதில் பார்த்தால் இரண்டுமே உண்மையைக் காட்டாது. வாசல் பக்கம் எடுத்துப் போங்கள், இன்னும் அரை மணி நேரத்துக்குப் பகல் வெளிச்சம் இருக்கும். எது முதல் படம், எது இரண்டாவது என்று நான் பின்னால் குறிக்கவில்லை. மேலுதட்டின் ஓரத்தைப் பாருங்கள். ஒன்றில் மச்சம் இருக்கிறது.